எங்கள் வீட்டில் தமிழ் நிறுத்தப்பட்ட வருஷம்

எங்கள் வீட்டில் தமிழ் பேசக் கூடாது என்று முடிவானது ஒரு சனிக்கிழமை காலையில். நான் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் தம்பி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அலுவலகத்தில் சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னான்.

"அக்கா, இன்னையில இருந்து பிள்ளைகிட்ட யாரும் தமிழ் பேச வேண்டாம். இந்தியும் வேண்டாம். இங்கிலீஷ் மட்டுந்தான். மூணு பாஷையைக் கேட்டுக் குழம்பிப் போறா."

குழம்பியது யார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அழுது வீங்கியிருந்தது. தோசையைத் திருப்பிப் போட்டேன்.

பிள்ளை என்று அவன் சொன்னது தன் மகளை. அப்போது அவளுக்கு இரண்டரை வயது தாண்டியிருந்தது. ஒரு சொல் பேசவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையில் கிடைத்த பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜின் முன்னால் நிறுத்துவாள். அது நானா, அவள் அம்மாவா, வேலைக்கு வரும் ஆயாவா என்று நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அவளுக்குத் தேவை ஒரு கை, அவ்வளவுதான்.

நான் தம்பிக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசு மருத்துவமனையில் நர்ஸ். டெல்லியில், கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்துக் கட்டிய உயரமான கட்டடத்தில் அவனுக்கு வீடு ஒதுக்கியபோது, "தனியா எதுக்குக் கெடக்க, வந்துரு" என்று கூப்பிட்டான், வந்துவிட்டேன். அவன் மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. என்னை மைனி என்பாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கணவனின் அக்காளை அப்படித்தான் அழைப்பார்கள். எங்கள் அப்பா மத்திய அரசில் குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்தவர். நானும் தம்பியும் இங்கே பிறந்து, லோதி ரோட்டில் தமிழ் சொல்லித்தருகிற பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷ். மூன்றிலும் சண்டை போடுவோம், மூன்றிலும் திட்டு வாங்குவோம். எந்தக் குழப்பமும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

போன் எப்படி அந்தப் பிள்ளையிடம் வந்தது என்று கேட்டால், சோற்றோடு வந்தது என்பேன். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது அவள் அம்மா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் பள்ளி வேன் வருவதற்குள் பிள்ளைக்கு ஊட்டியாக வேண்டும். அது வாயைத் திறக்காது. ஒருநாள் போனை எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்தாள். வண்ண வண்ணமாக முகங்கள், கைதட்டல், ஒரு பெண் கண்ணை உருட்டிக்கொண்டு ஏதோ கத்துகிறாள், அது முடிவதற்குள் இன்னொன்று. பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது. கிண்ணம் காலியானது. அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் சேர்ந்துதான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஆட்டோவில், லிஃப்டில், தலை சீவும்போது, சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது என்று போன் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. பிள்ளை அழுவதற்கு முன்னாலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். "இவ தொல்லையே பண்ண மாட்டா மைனி" என்று அம்மாக்காரி பெருமையாகச் சொல்வாள். தொல்லை பண்ணாத பிள்ளையைப் பார்த்தால் வார்டில் நாங்கள் முதலில் ஜுரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம். அதைச் சொன்னேன். நர்ஸ் புத்தி என்று சிரித்தார்கள்.

இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை என்றதும் நான்தான் வற்புறுத்திக் குழந்தைகள் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். காது சோதித்தார்கள், காது நன்றாக இருந்தது. அந்த அம்மாள் வடக்கத்திக்காரர், பொறுமைசாலி. பிள்ளையைத் தரையில் உட்கார வைத்து, பந்தை உருட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, நெடுநேரம் பார்த்தார். போன் மட்டும்தான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியாது, இன்னும் சில சோதனைகள் பார்க்க வேண்டும் என்றார். "ஆனால் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். போன் பந்த். வீட்டில் எந்த பாஷை பேசுகிறீர்களோ அதிலேயே பிள்ளையிடம் பேசுங்கள், கூப் பாத் கரோ, ஓயாமல் பேசுங்கள்." தம்பியும் மனைவியும் அச்சா, அச்சா என்று தலையாட்டினார்கள்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். பாலத்தடியில் நெரிசலில் வண்டி நின்றது. பிள்ளை அலற ஆரம்பித்தது. பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தான். "இந்த ஒரு தடவை" என்றான். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்தில்தான் அந்த ரீல் வந்தது. ஒருநாள் சாயங்காலம் தம்பி மனைவி ஓடிவந்து என்னிடம் காட்டினாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், பின்னால் செடிகள், மரச் சாமான்கள். பிள்ளை வளர்ப்பது பற்றி அழகான ஆங்கிலத்தில் அரை நிமிடம் பேசுகிறாள். வீட்டில் பல மொழிகள் பேசினால் குழந்தையின் மூளை திணறுமாம், ஒரே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கீழே ஆயிரக்கணக்கான இதயங்கள். "பாத்தீங்களா மைனி? இதுதான். இதுதான் நம்ம தப்பு" என்றாள் அவள். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. ப்ளே ஸ்கூலில் அட்மிஷனுக்குப் போனபோது அங்கிருந்த மேடமும் வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள் என்று சொல்லிவிட்டாள். பிறகென்ன?

மருத்துவர் சொன்ன இரண்டில் ஒன்றைச் செய்யவில்லை, மற்றதைத் தலைகீழாகச் செய்தார்கள். போனை நிறுத்தச் சொன்னால் தமிழை நிறுத்தினார்கள். இப்படி ஒரு காரியத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராவது செய்வார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். போனை நிறுத்தினால் அன்றாடம் நின்றுவிடும், சோறு நின்றுவிடும், வேன் போய்விடும். தமிழை நிறுத்தினால் என்ன நின்றுவிடப் போகிறது? டெல்லியில் தமிழை விட்ட வீடுகள் எங்கள் சர்ச்சிலேயே வரிசையாக இருக்கின்றன, அவர்கள் பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள். விடுவதற்கு வசதியானது எதுவோ அதை விட்டார்கள்.

அப்புறம் எங்கள் வீட்டில் ஆரம்பித்தது ஒரு கூத்து. என் தம்பி இருபது வருஷமாகக் கோப்பு எழுதுகிறவன். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கோப்பு இங்கிலீஷ். பிள்ளைக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு "கைண்ட்லி ஓப்பன் யுவர் மவுத்" என்பான். பிள்ளை பாலைக் கொட்டினால் "திஸ் இஸ் நாட் அக்செப்டபிள்" என்பான். அவன் மனைவிக்கு வகுப்பறை இங்கிலீஷ் தெரியும். சிட், ஸ்டாண்ட், சைலன்ஸ், குட் கேர்ள். எனக்கு மருந்துச் சீட்டு இங்கிலீஷ். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையால் தண்ணீர் குடித்தோம்.

முதலில் சிரிப்பாக இருந்தது. போகப் போகப் பேச்சே குறைந்துவிட்டது. ஒரு வாக்கியம் சொல்ல இவ்வளவு கஷ்டம் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? முன்பு குளிப்பாட்டும்போது "ஏட்டி, காதுல சோப்பு இருக்கு பாரு, காக்கா வந்து கொத்திட்டுப் போயிரும்" என்று நான் பாட்டுக்கு உளறிக்கொண்டிருப்பேன். இப்போது வாஷ் ஹேண்ட், வாஷ் லெக். அதற்கு மேல் என்ன சொல்வது? செல்லம் கொஞ்சவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. எங்களுக்கு இங்கிலீஷில் வேலைதான் வாங்கத் தெரியும்.

ஆயா ஜார்க்கண்ட் பக்கத்துக்காரி. வாய் ஓயாதவள். கத்தரிக்காய் நறுக்கும்போது கத்தரிக்காயோடு பேசுவாள், பிள்ளையிடமும் பேசுவாள். அவளையும் கூப்பிட்டு இந்தி கூடாது என்று சொன்னார்கள். அவள் என்னிடம் வந்து, "தீதி, முஜே தோ அங்ரேஸி நஹீன் ஆத்தி, எனக்கு இங்கிலீஷ் வராதே, நான் என்ன பேசுவது?" என்று கேட்டாள். அவளே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். காலை முதல் மாலை வரை பிள்ளையிடம் வாயே திறக்காமல் போனைக் கையில் கொடுத்து வைத்தாள். அதில் இங்கிலீஷ் வந்தது. தம்பியும் மனைவியும் இல்லாத நேரத்தில் அவர்கள் உத்தரவை அதைவிட ஒழுங்காக யாரும் நிறைவேற்றியிருக்க முடியாது. ஆக, எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளையோடு தடையில்லாமல் சரளமாகப் பேசியது போன் ஒன்றுதான்.

நான் உத்தரவை மீறினேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் பேசினேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடிபட்டேன். தம்பி சத்தம் போடுவான், பதிலுக்கு நாலு கொடுக்கலாம் என்று தயாராக வெளியே வந்தால், நின்றது அவன் மனைவி.

"மைனி, எம் பிள்ளை பேசணும்னு உங்களுக்கு ஆசையில்லையா?" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பிள்ளையைத் துவட்டச் சொல்லித் துண்டை அவளிடம் கொடுத்தேன். அவள் பள்ளியில் நாள் முழுக்க மற்றவர்கள் பிள்ளைகள் மிஸ் மிஸ் என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அவள் பிள்ளை அவளைக் கூப்பிடாது. அம்மா என்ற ஒரு சொல்லுக்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். ரீலில் வந்த பெண் கேட்டது அவள் தாய்மொழியை, கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து நானும் குளியலறையில் வாயை மூடிக்கொண்டேன்.

பேச்சு வந்தது. மூன்றாவது பிறந்தநாளுக்குப் பிறகு ஒரு காலையில், சோபாவில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துப் பிள்ளை சொன்னாள்: "ஹாய் கைஸ், வெல்கம் பேக் டு மை சேனல்!"

அட்சரம் பிசகவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் இந்த ஜென்மத்தில் வராத உச்சரிப்பு. தம்பி பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நுரையோடு ஓடிவந்தான். அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். அழுதாள், சிரித்தாள். "சே இட் அகெய்ன், சே இட் அகெய்ன்" என்று கெஞ்சினாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை. தம்பி பெரிய டப்பாவில் லட்டு வாங்கிவந்து மாடி மாடியாகக் கொடுத்தான்.

மறுபடி சொல்ல வைத்துப் படம் எடுத்து அன்றைக்கே போட்டுவிட்டார்கள். சொந்தக்காரர்கள், பள்ளி டீச்சர்கள், பெயர் தெரியாதவர்கள் எல்லாம் வந்து எவ்வளவு அழகு, எவ்வளவு புத்திசாலி என்று எழுதினார்கள். பேச்சு வராத பிள்ளைக்கு முதல் பேச்சு என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அந்தப் பேச்சு யாரைப் பார்த்துப் பேசியது என்று கவனிக்கவில்லை. படத்தில் நன்றாகவே தெரிகிறது. அவள் அம்மா பக்கத்தில் நிற்கிறாள், அப்பா எதிரில் நிற்கிறான், பிள்ளை இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

அதன் பிறகு நாளுக்கு நாள் வாக்கியங்கள் வந்தன. எல்லாம் முழு வாக்கியங்கள். ஆனால் பசித்தால் பசி என்று சொல்லத் தெரியாது, அப்போதும் மணிக்கட்டைப் பிடித்துத்தான் இழுப்பாள். மருத்துவர் சொன்ன மற்றச் சோதனைகளை நினைவூட்டினேன். "அதான் பேசுதாளே அக்கா" என்றான் தம்பி. அந்த வாக்கியத்துக்கு முன்னால் என் இருபது வருஷ ஆஸ்பத்திரி வேலை செல்லாக்காசாகிவிட்டது.

எங்கள் தமிழ்ச் சபையில் பாலர் ஞாயிறு என்று ஒன்று உண்டு. அன்று ஆராதனையைப் பிள்ளைகளே நடத்துவார்கள். மிகவும் சின்னதுகள் மேடையேறி ஆளுக்கொரு வசனம் சொல்லிவிட்டு இறங்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பார்கள். எந்தப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனாலும் எனக்கு அந்த ஞாயிறு பிடிக்கும். பாதியில் மறந்து போய் முன்வரிசையில் அம்மாவைத் தேடும் பார் ஒரு முகம், அதற்காகவே போவேன்.

அந்த வருஷம் தம்பி மகளையும் ஏற்றினார்கள். ஆண்டவர் அன்பானவர் என்று இங்கிலீஷில் மூன்றே சொல். முன்வரிசை முழுக்கப் பெற்றோர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், பின்னாலிருந்த எங்களுக்குக் கைகளின் இடுக்கில்தான் மேடை தெரிந்தது. பிள்ளை மைக்கின் முன்னால் சும்மா நின்றாள். சண்டே ஸ்கூல் டீச்சர் காதில் எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவள் அம்மா பதற்றத்தில் எழுந்து நின்று தன் போனைத் தூக்கிப் பிடித்தாள். அதைக் கண்டதும் பிள்ளைக்கு உயிர் வந்தது.

"ஹாய் கைஸ்! டோன்ட் ஃபர்கெட் டு லைக் அண்ட் சப்ஸ்கிரைப்!"

சபையே சிரித்தது. கைதட்டினார்கள். போதகரும் சிரித்தார். வெளியே டீ குடிக்கும்போது ஒவ்வொருவராக வந்து, என்ன துடிப்பு, என்ன துணிச்சல், இந்தக் காலத்துப் பிள்ளைகளே தனி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தம்பிக்குப் பிடிபடாத பெருமை. அங்கிருந்த பெரியவர்களில் ஒருவராவது அந்தப் பிள்ளையிடம் குனிந்து ஒரு கேள்வி கேட்டு, பதில் வருகிறதா என்று பார்த்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பிள்ளையின் பேச்சு பிடித்திருந்தது, பிள்ளையிடம் பேச நேரமில்லை. நானும் அன்று சபையில் வாய் திறக்கவில்லை. தம்பி மனைவி அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

குளிர்கால விடுமுறையில் ஒருநாள் மத்தியானம், வெயில் காய்வதற்காக எங்கள் காலனிப் பூங்காவுக்குப் போனோம். நானும் தம்பி மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். மற்ற பிள்ளைகள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளி, இந்தியில் கத்தி, அழுது, மறுபடி சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பிள்ளை சறுக்குமரத்தின் ஏணியில் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். தனக்குத்தானே ஏதோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து பெஞ்சுப் பெண், "ஆப்கீ பேட்டி கித்னீ அச்சி இங்கிலீஷ் போல்தீ ஹை" என்று, பிள்ளை எவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாள் என்று பாராட்டினாள். தம்பி மனைவி வெட்கத்தோடு தேங்க்யூ சொன்னாள்.

அப்போதுதான் பிள்ளை விழுந்தாள். ஏணியின் மேல் படியில் கால் வழுக்கி, முகவாய் கம்பியில் அடித்துக் கீழே வந்தாள். ரத்தம் சட்டையில் வடிந்தது. வலித்திருக்கும், கண்ணீர் கொட்டியது. அடிபட்ட பிள்ளை யாரையாவது தேடும். அவள் தேடவில்லை. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, அழுகைக்கு நடுவே, வீடியோவில் வருகிற அதே குரலில் சொன்னாள்:

"ஊப்ஸ்! ஆர் யூ ஓகே? யெஸ், ஐயாம் ஓகே!"

நான் எழுவதற்குள் அவள் அம்மா ஓடிவிட்டாள். ஆரஞ்சுத் தோல்கள் மடியிலிருந்து சிதறின. பதற்றத்தில் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே கொட்டியது. "ஏ எம்மா! என் தங்கத்துக்கு என்னாச்சு! எங்கட்டி பட்டுச்சு? அம்மைகிட்டக் காட்டு ராசாத்தி, எங்க வலிக்கு?" என்று கதறிக்கொண்டே பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். துப்பட்டாவை முகவாயில் அழுத்தினாள். நான் பக்கத்தில் மண்டியிட்டுக் காயத்தைப் பார்த்தேன். ஆழமில்லை, தையல் தேவைப்படாது.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தது. நான் பார்த்தவரையில் அவள் தன் தாயின் முகத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுகிற கண், கோணிய வாய், அதிலிருந்து வருகிற புரியாத சத்தம் எல்லாவற்றையும் பார்த்தாள். தம்பி மனைவி இன்னும் குனிந்தாள். "சொல்லு கண்ணு, அம்மா சொல்லு" என்றாள்.

பிள்ளை ஆட்காட்டி விரலைத் தூக்கி அம்மாவின் கன்னத்தில் வைத்தாள். பிடிக்காத வீடியோவைத் தள்ளுகிறவள் போல அந்த ஈரமான முகத்தைக் கீழிருந்து மேலாக ஒரு தடவை தள்ளினாள்.

முகம் மாறவில்லை. மறுபடியும் தள்ளினாள்.